விரலை எடுத்தால் நிற்க வேண்டும்



சென்ற இதழில் தையல் எந்திரத்தின் பெல்ட்டு அறுந்தால் வீட்டிலேயே எப்படி மாற்றிக்கொள்வது என்று எழுதியிருந்தேன். "வாத்தியாரே, இது வீட்டுப் பெண்களுக்குச் சரி. பட்டறையில் கிடந்து உழைக்கிற எங்கள் பிள்ளைகளுக்கும் ஏதாவது எழுதக் கூடாதா?" என்று தஞ்சோங் காராங்கிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருக்கு என்ன எழுதலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே, எழுத வேண்டிய விஷயம் ஓர் அரிசிச் சாக்கில் சுற்றப்பட்டு என் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது.

அன்று சனிக்கிழமை மாலை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். என் பழைய மாணவன் நின்றுகொண்டிருந்தான். வயது இருபத்திரண்டு இருக்கும். இடது முன்கையில் வெள்ளைத் துணிக் கட்டு. இரண்டு கண்களும் சிவந்து, இரவெல்லாம் அழுதவனைப் போல இருந்தான்.

"என்னாப்பா இது, எங்க போயி விழுந்த?" என்றேன்.

"விழல சார். வெல்டிங்ல சுட்டுக்கிட்டேன். அது கெடக்கட்டும் சார், இத கொஞ்சம் பாக்குறீங்களா?" என்று சாக்கைப் பிரித்தான்.

உள்ளே மிக் வெல்டிங் எந்திரத்தின் கன் ஒன்று, தடித்த கருப்புக் குழாயோடு சுருண்டு கிடந்தது. கூடவே எண்ணெய்க் கறை படிந்த ஒரு சிறு புத்தகம்.

"தவுக்கே புதுசு வாங்கணும்னு சொல்றாரு சார். நானூறு வெள்ளியாம். என்னாலதான் கெட்டுப் போச்சாம். மாசம் நூறு நூறா சம்பளத்துல புடிச்சிக்குவாராம். புஸ்தகம் இங்கிலீஷ்ல இருக்கு. நீங்க படிச்சி சொன்னீங்கன்னா நானே செஞ்சி பாத்துருவேன் சார்."

அவனுடைய தாயாரை எனக்குத் தெரியும். செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிப் பிள்ளையை ஆளாக்கியவர். அந்த வீட்டில் மாதம் நூறு வெள்ளி குறைந்தால் என்ன ஆகும் என்பதைத் தோட்டத்து வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பையன் ஆறாம் ஆண்டில் என் வகுப்பில் இருந்தபோது, அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் "கவனக் குறைவு, படிப்பில் நாட்டமில்லை" என்று எழுதியவன் நான்தான். கடைசி வரிசையில் உட்கார வைத்தவனும் நான்தான். பத்து ஆண்டு கழித்து, "படிச்சிச் சொல்லுங்க சார்" என்று என்னிடமே வந்து நிற்கிறான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நடந்தது என்ன?

தேத்தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து விசாரித்தேன். ஈஜோக் பக்கம் சாலையோரத்தில் ஒரு பட்டறை. டிராக்டர் டிரெய்லர், கைவண்டி, இரும்புக் கேட்டு எல்லாம் ஒட்டுகிற இடம். சில வாரங்களாகவே கன்னின் டிரிகர் சுவிட்சு மக்கர் செய்திருக்கிறது. அழுத்தினால் ஒரு நேரம் வேலை செய்யும், ஒரு நேரம் செய்யாது. வேலை குவிந்து கிடக்கிறது. தவுக்கே அவசரப்படுத்துகிறார். பையன் என்ன செய்தான்? பிடியைக் கழற்றி, சுவிட்சுக்குப் போகிற இரண்டு மெல்லிய கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கி டேப்பு சுற்றிவிட்டான். இனி டிரிகரே தேவையில்லை. எந்திரத்தின் மெயின் சுவிட்சைத் தட்டினால் ஓடும், அணைத்தால் நிற்கும். அதற்குத் துணைக்கு ஓர் ஆளை எந்திரத்தின் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான்.

இரண்டு நாள் நன்றாகத்தான் ஓடியது. மூன்றாம் நாள், கன்னை டிரெய்லர் சட்டத்தின்மேல் வைத்துவிட்டு, முகக் கவசத்தைத் தூக்கிவிட்டு, குனிந்து ஓர் ஆங்கிள் இரும்பைத் தூக்கியிருக்கிறான். பையன் ஆயத்தமாகிவிட்டான் என்று நினைத்து, துணையாள் சுவிட்சைத் தட்டிவிட்டார். கன்னின் வாயிலிருந்து கம்பி சீறிக்கொண்டு வெளியே வந்து சட்டத்தைத் தொட்டது. தொட்ட இடத்தில் தீ. பையனின் முன்கையில் காய்ச்சிய கம்பி இழுத்துவிட்டது. வெளிச்சம் நேரே கண்ணில் அடித்துவிட்டது. பக்கத்தில் எண்ணெய்த் துணியோ பெயிண்டு டின்னோ இருந்திருந்தால் கதை வேறு விதமாகப் போயிருக்கும்.

இதில் துணையாளைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் தட்டச் சொன்ன சுவிட்சைத்தான் தட்டினார். விரலுக்கும் நெருப்புக்கும் நடுவே இருந்த ஒரே காவலைக் கழற்றி எறிந்ததுதான் குற்றம்.

நம் வட்டாரமும் ஒட்டு வேலையும்

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, சபாக் பெர்ணம் என்று எந்தப் பக்கம் போனாலும் சாலையோரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையைப் பார்க்கலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவே நம் வட்டாரத்தில்தான் நடந்தது. 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபாக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் அதை நட்டார். பத்தாங் பெர்ஜுந்தைதான் இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி நிற்கிறது. தோட்டத்தின் பெயரோ இன்றும் நம் தமிழ்ப் பெயர்! மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930இல் பிரான்சு நாட்டின் கொன்கூர் பரிசு வாங்கியவரும் இதே மனிதர்தான்.

கித்தா மரத்துக்குக் கத்தியும் வாளியும் போதும். செம்பனைக்கு அப்படியில்லை. ஒரு குலை பத்து இருபது கிலோ கனக்கும். அதை ஏற்றி இறக்க வண்டி வேண்டும், டிரெய்லர் வேண்டும், ஆலையில் கூண்டு வேண்டும். காட்டுப் பாதையின் மேடு பள்ளத்தில் சட்டம் விரிசல் விடுகிறது. சேற்றிலும் உரத்திலும் தகடு துருப்பிடிக்கிறது. ஆகவே ஒட்டு வேலைக்குப் பஞ்சமே இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு இன்று இந்தத் தொழில்தான் சோறு போடுகிறது.

முன்பெல்லாம் குச்சி வெல்டிங்தான். கையில் ஒரு குச்சி தீர்ந்தால் அடுத்த குச்சி. மிக் வெல்டிங்கில் குச்சிக்குப் பதிலாகச் சுருளிலிருந்து மெல்லிய கம்பி தானாகவே ஓடி வருகிறது. உருகும் இடத்தில் காற்றுப் படாமல் காக்க, கன்னின் வாயிலிருந்து வாயுவும் கூடவே வருகிறது. 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பட்டேல் ஆய்வு நிலையத்தில் இந்த முறை உருவானது. அப்போது ஆர்கான் போன்ற விலையுயர்ந்த வாயு தேவைப்பட்டது. 1953இல் கரியமில வாயுவைக் கொண்டே இரும்பை ஒட்டலாம் என்று சோவியத் நாட்டு ஆய்வாளர் இருவர் காட்டினார்கள். மலிவான அந்த வாயு வந்த பிறகுதான் இது சாதாரணப் பட்டறைக்கும் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் திருச்சி பெல் தொழிற்சாலையோடு சேர்ந்து 1975இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் ஒன்றே தொடங்கினார்கள். ஒட்டு வேலை என்றால் படிக்காதவன் வேலை என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

அழைப்பு மணியும் டிரிகரும்

இப்போது சுவிட்சுக்கு வருவோம். நம் வீட்டில் இரண்டு விதமான சுவிட்சுகள் உண்டு. விளக்குச் சுவிட்சு ஒன்று. தட்டிவிட்டால் மறுபடி தட்டும்வரை அப்படியே இருக்கும். வாசலில் உள்ள அழைப்பு மணியின் பொத்தான் இன்னொன்று. விரல் இருக்கும்வரைதான் மணி அடிக்கும், விரலை எடுத்தால் நின்றுவிடும். கன்னில் இருக்கும் டிரிகர் அழைப்பு மணிப் பொத்தானைப் போன்றது. அந்தப் பொத்தானின் இரண்டு கம்பிகளையும் முறுக்கிவிட்டால் என்ன ஆகும்? மணி ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். பையன் செய்தது அதைத்தான். இங்கே அடித்தது மணி அல்ல, நெருப்பு.

வெல்டிங்குக்கான பெரிய மின்சாரம் இந்தச் சின்னச் சுவிட்சின் வழியாகப் போவதில்லை. சுவிட்சு எந்திரத்துக்குச் செய்தி மட்டும் சொல்கிறது. பெரும்பாலான எந்திரங்களில் அதில் ஓடுவது குறைந்த அழுத்த மின்சாரம்தான். அந்தச் செய்தி கிடைத்ததும் எந்திரம் மூன்று காரியம் செய்கிறது: வாயுவைத் திறந்துவிடுகிறது, கம்பி தள்ளும் மோட்டாரை ஓட்டுகிறது, கம்பிக்கு மின்சாரம் கொடுக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் பாதி வைத்தியம் முடிந்தது. அழுத்தும்போது மூன்றுமே வரவில்லை என்றால் டிரிகரையோ அதன் கம்பியையோ சந்தேகிக்கலாம். வாயு வருகிறது, கம்பி மட்டும் வரவில்லை என்றால் டிரிகர் குற்றவாளி அல்ல. கம்பி உருளையையும் கம்பி ஓடும் உறையையும் பாருங்கள்.

விரலை எடுத்த பிறகும் ஓடிக்கொண்டே இருந்தால்? சுவிட்சு ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் அதற்கு முன் எந்திரத்தின் முகப்பைப் பாருங்கள். பல எந்திரங்களில் 2டி, 4டி என்று ஒரு மாற்றி இருக்கும். 2டியில் வைத்தால் அழுத்தும்வரை ஓடும். 4டியில் வைத்தால் ஒரு முறை அழுத்தி விட்டால் ஓடிக்கொண்டே இருக்கும், மறுமுறை அழுத்தி விட்டால்தான் நிற்கும். நீண்ட தையல் போடுகிறவர்களின் விரல் வலிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. யாரோ அதைத் திருப்பி வைத்திருக்க, நல்ல சுவிட்சைக் கழற்றி எறிந்த கதையும் உண்டு.

எங்கே கோளாறு?

இனி நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதல் விதி: எந்திரத்தை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, வாயு சிலிண்டரை மூடி, கன்னை எந்திரத்திலிருந்து தனியே கழற்றிய பிறகுதான் எதையும் தொட வேண்டும். எந்திரத்தின் பெட்டியை மட்டும் நீங்கள் திறக்க வேண்டாம். அதற்குள் 230 வோல்ட்டோ 400 வோல்ட்டோ வருகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில பாகங்களில் மின்சாரம் தங்கியிருக்கும். அது மின்சாரம் படித்தவர் வேலை. கன் தனியே வந்துவிட்டால் அது வெறும் குழாய். அதைப் பயமில்லாமல் பார்க்கலாம்.

என்னிடம் முப்பது வெள்ளிக்கு வாங்கிய ஒரு மல்டிமீட்டர் உண்டு. அதில் "பீப்" என்று சத்தம் தரும் இடத்தில் முள்ளைத் திருப்பி வைத்தால், இரண்டு முனைக்கும் இடையே வழி திறந்திருக்கிறதா, அடைந்திருக்கிறதா என்று காது கேட்டே சொல்லிவிடலாம். கன்னின் மறுமுனையில், எந்திரத்தில் செருகுகிற தலையில், இரண்டு சின்ன முள்கள் இருக்கும். அவைதான் டிரிகர் கம்பிகள். அவற்றில் மீட்டரை வைத்து டிரிகரை அழுத்தினால் "பீப்" வர வேண்டும், விட்டால் நிற்க வேண்டும்.

எங்கள் கன்னில் கம்பிகள் முறுக்கியே இருந்ததால் "பீப்" நிற்காமல் வந்தது. குழாயைப் பிடிக்குப் பக்கத்திலும், தலைக்குப் பக்கத்திலும், நடுவிலும் வளைத்து வளைத்துப் பார்த்தோம். சத்தம் ஓர் இடத்திலும் அறுபடவில்லை. நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பையன் சொன்னான்:

"அப்படின்னா கம்பி நல்லாருக்கு சார். குழாய்க்குள்ள கம்பி அறுந்திருந்தா, நான் முறுக்குனப்ப எந்திரம் ஓடியிருக்காதே. சுவிட்சுதான் கெட்டது."

பாருங்கள், அவன் செய்த தவறையே ஒரு சோதனையாக மாற்றிவிட்டான். நான் அந்த முடிவுக்கு வர இன்னும் இரண்டு பக்கம் படித்திருப்பேன்.

முறுக்கைப் பிரித்து, சுவிட்சின் இரண்டு காலிலும் மீட்டரை வைத்தோம். பத்து முறை அழுத்தினான். நான்கு முறைதான் "பீப்" வந்தது. அதைத் தட்டியபோது கருப்பாக இரும்புத் தூள் கொட்டியது. கிரைண்டர் போடுகிற மேசைக்குப் பக்கத்திலேயே கன்னைத் தொங்கவிட்டால் அந்தத் தூள் எங்கே போகும்? டிரிகர் இடுக்கில்தான் போகும். வியர்வையும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் தகடுகள் கறுத்துப் போகின்றன.

மாற்றும் முறை

மறுநாள் அவனே கிள்ளானுக்குப் போய், பழைய சுவிட்சைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, அதே அளவில் ஒன்று வாங்கி வந்தான். விலை 6 வெள்ளி. உங்கள் கன்னின் கம்பெனிக்கென்றே டிரிகர் முழுதாகக் கிடைத்தால் அதை வாங்குவதே மேல். கிடைக்காவிட்டால் அளவும், உருவமும், எத்தனை வோல்ட் தாங்கும் என்பதும் ஒத்திருக்க வேண்டும்.

பிடியைத் திறக்கும் முன் மேசைமேல் வெள்ளைத் துணி விரியுங்கள். உள்ளே சின்ன ஸ்பிரிங் இருந்தால் துள்ளி ஓடிவிடும். ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பி எந்தப் பள்ளத்தில் கிடந்தது என்பது திருப்பி மூடும்போதுதான் மறந்துபோகும். கம்பி நுனியில் முறுக்கி அடிபட்ட பகுதியை வெட்டிவிட்டு, புதிதாக உறை சீவி, சின்ன வில்லை முனையைச் சரியான இடுக்கியால் நசுக்கிப் பொருத்துங்கள். ஈயம் வைத்து ஒட்டும் இடமானால் ஒட்டிவிட்டு, சூட்டில் சுருங்கும் குழாயை மேலே போட்டு மூடுங்கள். வெறும் முறுக்கும் டேப்பும் பிடிக்குள் வருகிற சூட்டில் நிலைக்காது.

இங்கேதான் எங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. பழைய சுவிட்சுக்கு இரண்டு கால். புதியதற்கோ மூன்று கால்! இரண்டு கம்பியை எந்த இரண்டு காலில் மாட்டுவது? "ஓரத்தில் உள்ள இரண்டில் மாட்டு" என்று நான் துணிந்து சொல்லிவிட்டேன். அவன் மாட்டினான். ஆனால் பிடியை மூடவில்லை. மீட்டரை எடுத்து வைத்தான். விரல் டிரிகரில் இல்லை. ஆனாலும் "பீப்" என்று கத்தியது. அழுத்தினான், நின்றது.

"சார், இது தலகீழா இருக்கு. இத அப்படியே மாட்டியிருந்தா, பிளக்கு போட்ட ஒடனே கம்பி ஓடியிருக்கும் சார்," என்றான்.

எனக்கு உடம்பு சில்லிட்டது. விளக்கம் இதுதான். மூன்று காலில் ஒன்று பொதுக் கால்; அதில் "சி" அல்லது "சி.ஓ.எம்." என்று எழுதியிருக்கும். "என்.ஓ." என்று எழுதியிருப்பது, விரல் வைக்காதபோது வழி திறந்து கிடக்கும் கால். "என்.சி." என்று இருப்பது, விரல் வைக்காதபோதே வழி மூடியிருக்கும் கால். டிரிகருக்கு வேண்டியது பொதுக் காலும் என்.ஓ. காலும் மட்டுமே. என்.சி. காலில் ஒருபோதும் மாட்டக் கூடாது. எழுத்து தெரியாவிட்டாலும் கவலையில்லை, மீட்டரைக் கேளுங்கள். அழுத்தினால் மட்டும் சத்தம் போடுகிற இரண்டு காலைத் தேடுங்கள்.

சரியாக மாட்டிய பின் இருபது முறை அழுத்திப் பார்த்தோம். இருபதிலும் பிழையில்லை. கம்பிகள் பழைய பள்ளத்திலேயே படுத்திருக்கின்றனவா, கழுத்துப் பக்கத்துச் செம்புப் பாகத்தைத் தொடாமல் இருக்கின்றனவா, இரண்டு ஓட்டுக்கும் நடுவில் நசுங்காமல் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே திருகாணியை இறுக்கினோம். மூடிய பின் தலையிலுள்ள இரண்டு முள்ளிலும் மறுபடி ஒரு சோதனை. கடைசியாக, அந்த முள்களுக்கும் பெரிய மின்சாரம் போகிற நடுப் பாகத்துக்கும் இடையே "பீப்" வரவே கூடாது என்பதையும் பார்த்துக்கொண்டோம். டிரிகர் தானே துள்ளித் திரும்புகிறதா, எங்கும் சிக்கவில்லையே என்பதும் முக்கியம்.

பட்டறையில் முதல் முறை ஓட்டும்போது கன்னின் வாய் ஆள் இல்லாத பக்கம் இருக்கட்டும். கையுறையும் கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். கன் சட்டத்தையோ எர்த்து கிளாம்பையோ தொடாமல் இருக்கட்டும். அழுத்தினால் வாயுவும் கம்பியும் வர வேண்டும். விரலை எடுத்தால் கம்பி நிற்க வேண்டும். வாயு மட்டும் ஓரிரு விநாடி கூடுதலாக வந்தால் அது கோளாறல்ல, எந்திரத்தின் ஏற்பாடு.

தவுக்கே என்ன சொன்னார்?

திங்கட்கிழமை மாலை பையன் தொலைபேசியில் கூப்பிட்டான். "ஓடுது சார்" என்றான். தவுக்கே ஒன்றும் பேசவில்லையாம். நாலைந்து முறை தாமே அழுத்திப் பார்த்துவிட்டு, சுவிட்சு வாங்கிய 6 வெள்ளியை எடுத்துக் கொடுத்து, "அந்த இன்னொரு கன்னையும் பாரு" என்றாராம். சம்பளத்தில் பிடிக்கிற பேச்சு அதோடு நின்றது. கையில் மட்டும் ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு நிற்கிறது. அது போகாது.

கெட்ட சாமானை மாற்றிக் கொடுக்காமல் வேலையை மட்டும் அவசரப்படுத்திய முதலாளிக்கும் இதில் பங்கு உண்டு என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளிக்குக் கடமை விதித்திருக்கிறது. அதன் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்து, சின்னப் பட்டறைகளையும் விட்டுவைக்கவில்லை. சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்பதற்கும் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் வரையறை இருக்கிறது. சந்தேகம் வந்தால் சண்டைக்குப் போகாமல் தொழிலாளர் இலாகாவில் போய்க் கேளுங்கள். அதைவிட முக்கியம், உங்கள் பிள்ளையின் பெயர் சொக்சோவில் பதிவாகியிருக்கிறதா என்று இன்றைக்கே விசாரியுங்கள். வேலையிடத்தில் அடிபட்டால் கைகொடுப்பது அதுதான்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வெல்டிங் வெளிச்சம் கண்ணில் பட்டால் உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்து, நடு இரவில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல் உறுத்தும், நீர் வடியும். அப்போது தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கு வைப்பது, பக்கத்து வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை ஊற்றுவது எல்லாம் வேண்டாம். கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். இந்தப் பையனின் தாயாரும் முதலில் பக்கத்து வீட்டில்தான் மருந்து கேட்டாராம். நல்ல வேளையாக அவர்கள் வீட்டில் ஆள் இல்லை. வெல்டிங் புகையையும் சாதாரணமாக எண்ண வேண்டாம். அது புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் 2017இல் முடிவு செய்துவிட்டது. காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யச் சொல்லுங்கள். அடைத்த தொட்டிக்குள் கரியமில வாயு நிறைந்தால் மூச்சே நின்றுவிடும்.

வேலை பார்க்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. கன்னைக் குழாயைப் பிடித்து இழுத்து எந்திரத்தை நகர்த்தாதீர்கள். டிரிகரில் மாட்டித் தொங்கவிடாதீர்கள். தூள் பறக்கும் இடத்தில் போட்டு வைக்காதீர்கள். வாரம் ஒரு முறை டிரிகர் இடுக்கைத் துடையுங்கள். என்ன அவசரம் வந்தாலும் சுவிட்சுக் கம்பியை முறுக்கி வேலை செய்யாதீர்கள்.

இன்னொன்று. எஸ்.பி.எம். இல்லையே, சான்றிதழ் இல்லையே என்று மனம் தளர வேண்டாம். தொழிலில் பழகியவர்கள் வகுப்பில் உட்காராமலே, தங்கள் அனுபவத்துக்குச் சான்று காட்டி, சிஜில் கெமாஹிரான் மலேசியா என்ற திறன் சான்றிதழ் பெறுவதற்கு ஒரு வழி இருக்கிறது. பி.பி.டி. என்று சொல்வார்கள். திறன் மேம்பாட்டு இலாகாவில் விசாரித்தால் விவரம் சொல்வார்கள். என் மாணவனுக்காக நானும் அவனும் சேர்ந்து அந்தப் பாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். செய்த வேலைகளின் படங்களை எல்லாம் சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். கன்னைப் பிரித்தபோது கைப்பேசியில் எடுத்த படங்களும் அதில் இருக்கின்றன.

எனக்குக் கிடைத்த பாடத்தையும் சொல்லி முடிக்கிறேன். என் வகுப்பு அலமாரியில் ஒரு பலகை இருக்கிறது. ஒரு மின்கலம், ஒரு சின்ன விளக்கு, ஒரு சுவிட்சு. ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். பையன் விடைபெறும்போது சொன்னான்: "அந்தப் பலகைதான் சார் இது. அன்னிக்கு எல்லாரையும் ஒரு தடவ அழுத்த விட்டீங்க. கடைசி வரிசைக்கு வர்றதுக்குள்ள மணி அடிச்சிருச்சு."

அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான். இருந்தாலும் அடுத்த நாள் வகுப்பில் அந்தப் பலகையை எடுத்தபோது, நான் கடைசி வரிசையிலிருந்துதான் தொடங்கினேன்.

அடுத்த இதழில், மழைக் காலத்தில் வீட்டுக் கூரை ஒழுகினால் மின்சாரப் பெட்டியை எப்படிப் பாதுகாப்பது என்று பார்ப்போம். உங்கள் கடிதங்களை எதிர்பார்க்கிறேன். வணக்கம்.